ஷெவெல் காரின் முனகும் பின்அச்சு: ஒரு பாஸிட்ராக்‌ஷன் ஆய்வு

இந்த ஆய்வுக்குரிய கார் 1969-ஆம் ஆண்டின் ஷெவ்ரலே ஷெவெல், எஸ்எஸ் 396. 396 கன அங்குல வி8 எஞ்சின், 325 குதிரைத்திறன், நாலு கியர் மேனுவல், பின்னால் 12 போல்ட் அச்சு, 3.31 விகிதம் (பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் சுற்றவேண்டிய சுற்றுகள்). ஜி80 என்ற குறியீட்டில், அன்றைய விலையில் 42 டாலர் 15 சென்ட் கூடுதலாகக் கட்டினால் ஷெவ்ரலே கொடுத்த பாஸிட்ராக்‌ஷன், அதாவது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பில், ஒன்று மட்டும் தனியாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் வகை), இதில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது. வண்டி இருப்பது மிச்சிகனில். உரிமையாளர் ஓய்வுபெற்றவர். கோடையில் மட்டும் வெளியே எடுப்பார். எஞ்சினையும் பிரேக்கையும் பிறர் கை படாமல் தானே பார்த்துக்கொள்பவர். பின்அச்சை மட்டும் வெளியே கொடுத்துச் செய்திருந்தார்.

அவர் சொன்ன குறை இது: வண்டி நிறுத்துமிடங்களில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு முனகல் எழும், உடனே கார் முழுவதும் அதிரும். வண்டி சூடாகச் சூடாக அது கூடும். மழை நாளில் முனை திரும்பும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தொட்டாலும் பின்பக்கம் வெளியே போகப் பார்க்கும். ஓட்டவே பயமாக இருக்கிறது என்றார்.

முன்கதை கேட்டபோதுதான் விஷயம் சுவாரசியமானது. சில ஆண்டுகளுக்கு முன் இதே வண்டிக்கு நேர்எதிரான குறை இருந்ததாம். சரளைக்கல் பாதையில் புறப்பட்டால் ஒரே சக்கரம்தான் சுற்றும், மறுசக்கரம் சும்மா நிற்கும். அப்போது ஒரு பட்டறையில் காட்டினார். அங்கே டிஃபரன்ஷியலுக்குள் இருந்த ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, பந்தயக் கார்களுக்கு விற்கப்படும் 800 பவுண்டு ஸ்பிரிங்குகளைப் போட்டார்கள். கிளட்ச் தட்டுகளைத் தொடவில்லை. எண்ணெயை மாற்றினார்கள். ஒற்றைச் சக்கரச் சுழற்சி நின்றது, முனகல் தொடங்கியது. "பாஸிட்ராக்‌ஷன் இறுக்கமாக இருந்தால் சத்தம் வரத்தான் செய்யும், அது நல்ல அறிகுறி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பேச்சைப் பழைய அமெரிக்கக் கார்கள் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். இதை நான் ஏற்கவில்லை. தெருவில் ஓடும் காரில் இந்தச் சாதனத்தின் தரம், அது எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்பதில் இல்லை. பிடியை விடவேண்டிய நேரத்தில் எவ்வளவு மென்மையாக விடுகிறது என்பதில் இருக்கிறது. இந்த ஷெவெலில் நடந்த எல்லாமே அதைத்தான் காட்டுகின்றன.

எதற்காக வந்தது

சாதாரணத் திறந்த டிஃபரன்ஷியல் இரண்டு பின்சக்கரங்களுக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். சக்கரங்களின் வேகம் வேறுபடலாம், விசை வேறுபடாது. ஒரு சக்கரம் பனிக்கட்டி மேல் நின்று 20 பவுண்டு-அடி மட்டுமே தாங்குகிறது என்றால், காய்ந்த தரையில் நிற்கும் மறுசக்கரத்துக்கும் அதே 20தான் கிடைக்கும். எஞ்சினில் எவ்வளவு திறன் இருந்தாலும் வண்டி நகராது.

போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் எஞ்சின்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்தன, ஆனால் டயர்கள் குறுகலாகவே இருந்தன. வடக்கு மாநிலங்களின் குளிர்காலம் வேறு. 1956-இல் பேக்கார்டு 'ட்வின் ட்ராக்‌ஷன்' என்ற பெயரில் இந்தச் சாதனத்தை அமெரிக்கத் தயாரிப்புக் கார்களில் முதன்முதலாகக் கொடுத்தது. அடுத்த ஆண்டே ஷெவ்ரலே பாஸிட்ராக்‌ஷனைக் கொண்டுவந்தது. 1957 கார்வெட்டில் 3.70, 4.11, 4.56 என்ற மூன்று விகிதங்களில் அதை வாங்க முடிந்தது. அப்புறம் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டார்கள்: பான்டியாக்கில் 'சேஃப்-டி-ட்ராக்', ஓல்ட்ஸ்மொபிலில் 'ஆன்டி-ஸ்பின்', கிரைஸ்லரில் 'ஷூர்-க்ரிப்', ஃபோர்டில் முதலில் 'ஈக்வா-லாக்', பிறகு 'ட்ராக்‌ஷன்-லாக்', ஏஎம்சியில் 'ட்வின்-க்ரிப்'. ஐரோப்பாவில் இதற்கு முன்பே, 1930-களில், ஆட்டோ யூனியன் கிராண்ட் பிரீ கார்களுக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே இசட்எஃப் நிறுவனத்திடம் கேட்டு இதுபோன்ற ஒன்றைச் செய்வித்திருந்தார். ஆனால் சாதாரணக் குடும்பக் காரின் விலைப்பட்டியலில் இதை ஒரு வரியாக்கியது அமெரிக்கர்கள்தான்.

ஈட்டன் அமைப்பின் உள்ளே

ஷெவெலின் 12 போல்ட் அச்சில் இருப்பது ஈட்டன் நிறுவனம் செய்த வகை. இதன் அமைப்பு எளிமையானது, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. கிரவுன் வீலை (எஞ்சின் விசையை வாங்கும் பெரிய பல்சக்கரம்) தாங்கும் கூட்டுக்குள் வழக்கமான இரண்டு சிறு பினியன்களும் இரண்டு சைடு கியர்களும் உண்டு. ஒவ்வொரு சைடு கியரின் முதுகுப்பக்கமும் ஓர் அடுக்கு கிளட்ச் தட்டுகள். ஒரு தட்டு சைடு கியரோடு சேர்ந்து சுற்றும். அடுத்த தட்டு தன் காதுகளால் கூட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டோடு சுற்றும். இப்படி மாறிமாறி அடுக்கியிருக்கும். இரண்டு சைடு கியர்களுக்கும் நடுவே, இரண்டு தகடுகளுக்கு இடையில் நான்கு ஸ்பிரிங்குகள். அவை சைடு கியர்களை வெளிப்பக்கமாகத் தள்ளி, தட்டு அடுக்குகளை எப்போதும் கொஞ்சம் அழுத்தி வைத்திருக்கும். எஞ்சின் விசை வரும்போது பினியன் பற்களும் சைடு கியர்களை வெளியே தள்ளுவதால் அழுத்தம் இன்னும் கூடும்.

ஆக, பிடிப்பு இரண்டு வழியில் வருகிறது. ஸ்பிரிங் தருவது எப்போதும் இருக்கும் அடிப்படைப் பிடிப்பு. கியர் பற்கள் தருவது ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வருவது. தெருக் காருக்கு இரண்டாவதுதான் முக்கியமான உழைப்பாளி. ஆனால் ஒரு சக்கரம் முற்றிலும் பிடிமானமில்லாமல் நின்றால் பற்களின் தள்ளுவிசையும் தொடங்க வழியில்லை. அதைத் தொடங்கிவைக்கவே ஸ்பிரிங். பெரிய ஸ்பிரிங் போட்டால் எல்லாம் நல்லதாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தப் பிரிவினையைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஸ்பிரிங்கால் மட்டும் ஒரு பக்கத் தட்டு அடுக்கு 70 பவுண்டு-அடி தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரங்களில் ஒன்று வழுக்கும்போது, வேகமாகச் சுற்றும் பக்கத்திலிருந்து 70 கழியும், மெதுவாக இருக்கும் பக்கத்தில் 70 கூடும். அதாவது இரண்டுக்கும் இடையே 140 வித்தியாசம் வரலாம். பனிக்கட்டிப் பக்கம் 20 என்றால் காய்ந்த பக்கம் 160. திறந்த டிஃபரன்ஷியலில் மொத்தம் 40 கிடைத்த இடத்தில் இப்போது 180. பனியில் மாட்டிய காரைக் கிளப்ப அது தாராளம். 200, 250 என்று ஏற்றவேண்டிய தேவை எங்கும் இல்லை.

திறப்பதற்கு முன் அளந்தவை

அச்சின் மூடியைக் கழற்றுவதற்கு முன் இரண்டு அளவுகள் எடுக்கவேண்டும். இரண்டுக்கும் செலவே கிடையாது.

முதலாவது, சக்கரத்தைக் கையால் திருப்பத் தேவைப்படும் விசை. கியரை நியூட்ரலில் வைத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தவேண்டும். மறுசக்கரம் தரையில். தூக்கிய பக்கத்தில் டார்க் ரெஞ்ச் (திருப்பும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) பொருத்தித் திருப்பிப் பார்க்கவேண்டும். ஷெவ்ரலேயின் அந்தக் காலத்துச் சேவைக் குறிப்புகள் புதிய அமைப்புக்குச் சுமார் 70 பவுண்டு-அடி, ஓடிய அமைப்புக்குச் சுமார் 40 என்று குறைந்தபட்ச அளவு சொல்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆகவேண்டும். லிமிடெட் ஸ்லிப் உள்ள காரில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு எஞ்சினைக் கியரில் ஓட்டவே கூடாது. தரையிலிருக்கும் சக்கரத்துக்கும் விசை போகும்; வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கி ஓடிவிடும். திறந்த டிஃபரன்ஷியலில் பழகியவர்கள் இதில் சிக்கி அடிபட்டிருக்கிறார்கள்.

இந்த ஷெவெலில் ரெஞ்ச் காட்டியது குறைந்தபட்சத்தைவிட மிக அதிகம்: 200-ஐத் தாண்டியது. ஆனால் என்னை நிறுத்தியது அந்த எண் அல்ல, அது வந்த விதம். விசை 210 வரை ஏறியது, சக்கரம் பட்டென்று விடுபட்டது, அளவு 140 பக்கம் இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி பட்டென்று விட்டது. சீராக இழுத்தாலும் சீராகத் திரும்பவில்லை.

முனகலின் முழுக்கதையும் இதில் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் இரண்டு தட்டுகளைப் பிரிக்கத் தேவையான உராய்வும், நகர்ந்துகொண்டிருக்கும்போது உள்ள உராய்வும் ஒன்றல்ல. முதலாவது அதிகமாக இருந்தால், தட்டுகள் பிடித்து நிற்கும், அதற்குள் ஆக்ஸில் தண்டு முறுக்கேறும், முறுக்கு எல்லை தாண்டியதும் தட்டுகள் சட்டென வழுக்கும், முறுக்கு அவிழும், மறுபடி பிடிக்கும். விநாடிக்குப் பல தடவை இது நடந்தால் முனகலாகவும் அதிர்வாகவும் நமக்குத் தெரிகிறது. எண்ணெய் வற்றிய கதவுக் கீல் கிறீச்சிடுவதும் இதே காரணத்தால்தான். சத்தம் பலத்தின் அறிகுறி அல்ல. இரண்டு உராய்வுகளுக்கும் இடையில் பள்ளம் விழுந்திருக்கிறது என்பதன் அறிகுறி.

இரண்டாவது அளவு டயர்களுடையது. பின்டயர்கள் இரண்டிலும் பக்கவாட்டில் ஒரே அளவு எண்கள்தான் அச்சாகியிருந்தன. ஆனால் கம்பெனி வேறு, வயதும் வேறு. இடப்பக்கத்து டயர் பழையது, தேய்ந்தது. வலப்பக்கத்தது, பஞ்சர் ஆனபோது ஒன்றை மட்டும் மாற்றியது. காற்றழுத்தத்தைச் சமமாக்கி, தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டு, வண்டியைத் தள்ளி ஒரு முழுச் சுற்று அளந்தேன். இடப்பக்கம் 80 அங்குலம், வலப்பக்கம் 81.5 அங்குலம்.

ஒன்றரை அங்குலம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். அதை ஓட இடச்சக்கரம் 792 சுற்று சுற்றவேண்டும், வலச்சக்கரம் ஏறக்குறைய 777. நேர்ச்சாலையில், ஸ்டியரிங்கைத் திருப்பாமலே, மைலுக்குப் பதினைந்து சுற்று வித்தியாசம். அதை ஒரு திருப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தக் காரின் பின்சக்கரங்களுக்கு இடையே சுமார் 59 அங்குலம். ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 59-ஐ இரண்டு பையால் பெருக்கிய தூரம், அதாவது சுமார் 371 அங்குலம், கூடுதலாக ஓடும். வட்டம் சிறியதோ பெரியதோ, இந்த வித்தியாசம் மாறாது. சுற்றுக் கணக்கில் அது நாலரைக்குக் கொஞ்சம் அதிகம். ஆக, பொருந்தாத டயர்களோடு ஒரு மைல் நேராக ஓடுவது, தட்டுகளைப் பொறுத்தவரை, மூன்று முழு வட்டம் அடித்ததற்குச் சமம். நெடுஞ்சாலையில் நூறு மைல் போனால் முந்நூறு வட்டம், அதுவும் 60 மைல் வேகத்தில், இடைவெளியே இல்லாமல், எண்ணெய் சூடேறிக்கொண்டிருக்கும்போது.

தட்டுகள் வழுக்கவில்லை என்றால் டயர்கள் தேய்ந்தே ஆகவேண்டும். வேறு வழியில்லை. பழைய இடது டயர் ஏன் அவ்வளவு தேய்ந்திருந்தது என்பதற்கும் இதில் பாதி விடை உண்டு.

உரிமையாளரிடம் தேதிகளைக் கேட்டேன். அவர் பில்களையெல்லாம் எடுத்து வைத்திருப்பவர். வலது டயரை மாற்றியது முதலில். அதற்கு அடுத்த கோடைக்குப் பிறகுதான் ஒற்றைச் சக்கரச் சுழற்சி தொடங்கியிருக்கிறது. அந்தச் சமயத்தில் பட்டறையில் யாரும் டயரை அளக்கவில்லை.

முதலில் மலிவான வைத்தியம்

மூடியைத் திறக்கும் முன் இன்னொரு சோதனை செய்தோம். லிமிடெட் ஸ்லிப் எண்ணெயில் உராய்வை மாற்றும் ஒரு சேர்மானம் இருக்கவேண்டும். நின்ற உராய்வை ஓடும் உராய்வின் அளவுக்கு இறக்குவதுதான் அதன் வேலை. ஜிஎம் இதை 4 அவுன்ஸ் சிறு புட்டியில் விற்கிறது. ஒரு புட்டியை ஊற்றி, காலியான மைதானத்தில் எட்டு வடிவில் மெதுவாகச் சுற்றி, தட்டுகளுக்கு இடையே அது இறங்கும்படி செய்தோம்.

முனகல் பாதிக்கு மேல் குறைந்தது. ரெஞ்ச்சில் ஏற்ற இறக்கத்தின் இடைவெளியும் சுருங்கியது. ஆனால் சராசரி அளவு 180-க்குக் கீழே வரவில்லை. இதிலிருந்து இரண்டு முடிவுகள். முந்தைய பட்டறை சாதாரணக் கியர் எண்ணெயைத்தான் ஊற்றியிருக்கிறது. அதைத் திருத்தினாலும் ஸ்பிரிங்கின் மிகையழுத்தம் அப்படியே இருக்கிறது. இப்படி முனகும் பழைய கார் யாரிடம் இருந்தாலும் இந்தப் புட்டியிலிருந்தே தொடங்கச் சொல்வேன். பலருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். அன்று ஷெவ்ரலே எண்ணெய் ஊற்றும் துளையருகே, லிமிடெட் ஸ்லிப் எண்ணெய் மட்டுமே ஊற்றவும் என்று ஓர் உலோகச் சீட்டு தொங்கவிட்டு அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. ஐம்பது ஆண்டுகளில் அந்தச் சீட்டு பெரும்பாலான கார்களில் தொலைந்துவிட்டது.

எண்ணெய் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அந்தக் காலத்துக் கியர் எண்ணெய்களிலும் தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெய்களிலும் உராய்வை மென்மையாக்கச் சேர்க்கப்பட்டது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். வெப்பத்தைத் தாங்கியது, உலோகத்தோடு ஒட்டியது, அதற்கு ஈடான ஒன்று வேதியியலாளர்களிடம் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டங்கள் வந்தபின் அது நின்றது. செயற்கைச் சேர்மானங்கள் இடத்தைப் பிடித்தன. ஒரு குடும்பக் கார் முனகாமல் திரும்புவதற்காக ஒரு திமிங்கிலம் கொல்லப்பட்டது என்பது நினைத்துப் பார்க்கவே வேதனையான விஷயம். இன்றைய சேர்மானம் அதே வேலையை நன்றாகச் செய்கிறது.

திறந்தபோது

12 போல்ட் அச்சில் எண்ணெய் வடிக்கத் தனித் துளை கிடையாது. பின்மூடியைத் தளர்த்தித்தான் வடிக்கவேண்டும். வந்த எண்ணெய் கறுப்பாக, கருகிய வாடையுடன் இருந்தது. பினியன் தண்டைப் பிடிக்கும் பூட்டு போல்ட்டைக் கழற்றி, தண்டை உருவி, ஆக்ஸில்களை உள்ளே தள்ளி, அவற்றின் முனையிலுள்ள சி வடிவக் கிளிப்புகளை எடுத்தோம். இந்தப் பூட்டு போல்ட் பழைய அச்சுகளில் கழுத்தோடு முறிவது சகஜம். பொறுமையாகக் கழற்றி, மாட்டும்போது புதியது போடுவது நல்லது. தாங்கி மூடிகளில் இடம், வலம் என்று குறி வைத்து, இரண்டு பக்க ஷிம்களையும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) கலக்காமல் தனித்தனியாக எடுத்து வைத்து, கூட்டை முழுதாக வெளியே எடுத்தோம். ஷிம்கள் அதே இடத்துக்குத் திரும்பினால் கிரவுனுக்கும் அதைச் சுழற்றும் டிரைவ் பினியனுக்கும் உள்ள பொருத்தம் மாறாது. அது மாறினால் வேறொரு பெரிய வேலை தொடங்கிவிடும்.

கிரவுனும் பினியனும் நல்ல நிலையில் இருந்தன. தட்டுகள் அப்படியில்லை. எண்ணெய் தங்குவதற்காக வெட்டிய கோடுகள் பல தட்டுகளில் மறைந்து, பரப்பு கண்ணாடிபோல் மினுமினுத்தது. விளிம்புகளில் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தது. இவ்வளவும் எதிர்பார்த்ததே.

எதிர்பாராத சாட்சி தட்டுகளின் காதுகளில் கிடைத்தது. கூட்டைப் பிடித்துக்கொள்ளும் அந்தக் காதுகளின் இரண்டு விளிம்புகளும் சமமாகத் தேய்ந்திருக்கவேண்டும். ஒரு கார் தன் வாழ்நாளில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான் திரும்புகிறது. தட்டுகளும் இரண்டு திசையிலும் வழுக்குகின்றன. இதிலோ ஒரே ஒரு விளிம்பில் மட்டும் பளபளப்பான பள்ளம். இடது அடுக்கில் ஒரு பக்கம், வலது அடுக்கில் அதற்கு நேர்எதிர்ப் பக்கம். தட்டுகள் நெடுங்காலம் ஒரே திசையில் வழுக்கியிருக்கின்றன. சிறிய இடது டயர் எப்போதும் வேகமாகச் சுற்றியதன் தடம் அது. சுண்ணாம்புக்கோடு சொன்னதைத் தட்டுகள் உறுதிப்படுத்தின. வேறெந்தக் காரணத்தாலும் இப்படி ஒருபக்கத் தேய்மானம் வருவதை என்னால் விளக்க முடியவில்லை.

சங்கிலி இப்போது முழுதாகத் தெரிந்தது. பொருந்தாத டயர் தட்டுகளைத் தேய்த்தது. அடுக்கு மெலிந்ததால் ஸ்பிரிங் அழுத்தம் குறைந்து ஒரு சக்கரம் சுழன்றது. அதைச் சரிசெய்ய, தேய்ந்த தட்டுகளின் மேலேயே முரட்டு ஸ்பிரிங்கைத் திணித்தார்கள். மினுமினுத்த தட்டுகள், சேர்மானமில்லாத எண்ணெய், மிகையழுத்தம் மூன்றும் சேர்ந்து முனகலானது. மூலகாரணமான டயர் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது.

மழையில் பின்பக்கம் வழுக்கியதற்கும் இங்கேயே விடை. தட்டுகள் 200 பவுண்டு-அடி பிடிக்கின்றன என்றால், ஒரு அடிக்குச் சற்று அதிகமான ஆரமுள்ள சக்கரத்தில், தரையில் அது சுமார் 190 பவுண்டு விசை. முனை திரும்பும்போது உள்சக்கரம் முன்னோக்கியும் வெளிச்சக்கரம் பின்னோக்கியும் இந்த விசையோடு தரையைத் தேய்க்கின்றன. ஒவ்வொரு பின்சக்கரமும் 800 பவுண்டு சுமக்கிறது, ஈரச்சாலையில் அதில் பாதிதான் பிடிமானம் என்று தோராயமாகக் கொண்டால், எல்லை 400. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரைத் தொடும் முன்பே டயரின் பிடிமானத்தில் கிட்டத்தட்ட பாதி செலவாகிவிட்டது. மீதியில்தான் திரும்பவும் வேண்டும், முன்னே போகவும் வேண்டும். இரண்டு சக்கரங்களும் ஒன்றாகப் பிடியை இழந்தால் பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் மிஞ்சாது. 70-80 அளவில் இதே கணக்கு பயமுறுத்துவதாக இல்லை.

சேர்த்துப் பூட்டியது

புதிய தட்டுகள், 400 பவுண்டு ஸ்பிரிங்குகள். தட்டுகளைச் சேர்மானத்தில் ஊறவைத்து அடுக்கினோம். சைடு கியருக்கும் பினியனுக்கும் இடையிலான பிளேயை (பற்களுக்கு நடுவே உள்ள சிறு தளர்வு) ஷிம் மாற்றிச் சரிசெய்வதில்தான் அதிக நேரம் போனது. இதைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. பிளே குறைந்தால் பற்கள் கடிக்கும், கூடினால் தட்டுகளுக்குத் தேவையான அழுத்தம் கிடைக்காது. அப்புறம் 80டபிள்யூ-90 கியர் எண்ணெய் சுமார் இரண்டு லிட்டர், ஒரு புட்டி சேர்மானம். பின்டயர்கள் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், புதியவை. கோட்டில் உருட்டிப் பார்த்ததில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை.

உரிமையாளர் இன்னும் மென்மையான ஸ்பிரிங் போடலாமா என்று கேட்டார். 200 பவுண்டு ஸ்பிரிங்கும் விற்கிறார்கள். 325 குதிரைத்திறனும் பெரிய முறுக்குவிசையும் உள்ள காருக்கு 400 பொருத்தம் என்று நினைத்தேன். சிறிய எஞ்சின் உள்ள, பெரும்பாலும் மழையில் ஓடும் காராக இருந்திருந்தால் 200-ஐத்தான் தேர்ந்திருப்பேன். 800 ஸ்பிரிங்குக்கு நேர்க்கோட்டுப் பந்தயத் தடத்தில் வேலை உண்டு. அங்கே வண்டி திரும்புவதே இல்லை.

பூட்டியவுடன் ரெஞ்ச் காட்டியது 105. ஏற்ற இறக்கம் இல்லை, இழுக்க இழுக்கச் சீராக வந்தது. எட்டு வடிவச் சுற்றுகளுக்குப் பிறகு 95. முதல் ஐந்நூறு மைல் முடிந்து எண்ணெயை மாற்றியபோது 90. தட்டுகள் ஒன்றோடொன்று படிந்துவிட்டன என்பதே இந்த இறக்கத்துக்குப் பொருள். வடித்த எண்ணெயில் கருகல் இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் முழுத் திருப்பத்திலும் அதிர்வு இல்லை. சரளையில் புறப்பட்டால் இரண்டு தடங்கள்.

அந்த இரண்டு தடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் பார்த்து பாஸிட்ராக்‌ஷன் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்கிறார்கள். முனகிக்கொண்டிருந்தபோதும் இந்த ஷெவெல் இரண்டு தடங்கள் போட்டதுதான். தடம் சொல்வது பிடிப்பு இருக்கிறது என்பதை மட்டுமே. டார்க் ரெஞ்ச் சொல்வதுதான் நிலைமை.

மற்ற அச்சுகளில் இது எப்படி

இதே முறையை எல்லாக் கார்களிலும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. கிரைஸ்லரின் 8¾ அங்குல அச்சில் சுமார் 1969 வரை இருந்த ஷூர்-க்ரிப் தட்டு வகை. பினியன் தண்டுகள் சாய்தளங்களில் ஏறி தட்டுகளை அழுத்தும். அதைப் பிரித்துப் புதுப்பிக்கலாம். அதன்பின் வந்தது கூம்பு வகை. அதில் தட்டுகளே இல்லை. சைடு கியரோடு சேர்ந்த கூம்பு, கூட்டின் உட்சுவரில் உரசிப் பிடிக்கும். தேய்வது கூடே. மாற்றிப் போடத் தட்டு கிடையாது என்பதால், பிடிப்பு போய்விட்டால் பெரும்பாலும் புதிய அமைப்பையே வாங்க நேரிடும். ஆகவே வாங்கும் முன் எந்த ஆண்டு, எந்த வகை என்று தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். அந்தக் காலத்து ஜிஎம் அச்சுகள் சிலவற்றிலும் கூம்பு வகை உண்டு.

ஃபோர்டு மஸ்டாங்கில் 4.30 விகிதத்தோடு கொடுத்த டெட்ராய்ட் லாக்கர் வேறு இனம். அது உராய்வால் பிடிப்பதில்லை, பற்களால் பூட்டுகிறது. திருப்பத்தில் ஒரு சக்கரத்தை முழுதாக விடுவித்துவிட்டு, பிறகு படாரென்று பூட்டும். அதில் வரும் சத்தம் அதன் இயல்பு. அதற்குச் சேர்மானம் ஊற்றிப் பயனில்லை. முந்தைய பட்டறைக்காரர்கள் சொன்ன "சத்தம் நல்ல அறிகுறி" என்ற பேச்சு அநேகமாக அங்கிருந்துதான் இங்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்கவேண்டும்.

டயர்களுக்குப் பொருந்தும் விதி மட்டும் இவை எல்லாவற்றுக்கும் பொது. பஞ்சர் ஆனால் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, இரண்டையும் மாற்றவேண்டும். முடியாவிட்டால் இருப்பதில் நெருங்கிய ஜோடியைப் பின்னால் போட்டு, வித்தியாசமானதை முன்னால் போடவேண்டும். காற்றழுத்தமும் அப்படியே, ஒரு பக்கம் குறைந்தாலும் சுற்றளவு மாறும்.

ஷெவெலில் ஒன்று மிச்சமிருக்கிறது. குளிர்ந்த காலையில் முதல் திருப்பத்தில் லேசான ஓர் உறுமல் கேட்கிறது. சில நிமிடத்தில் போய்விடுகிறது. இறுகிய எண்ணெய் தட்டுகளுக்கு இடையே நுழைய எடுத்துக்கொள்ளும் நேரம் என்று கருதுகிறேன், ஏனென்றால் சூடானபின் அளக்கும்போது ரெஞ்ச் சீராகவே திரும்புகிறது. அது கூடினால் இரண்டாவது புட்டி சேர்மானத்தில் பாதியை ஊற்றிப் பார்க்கலாம். முழுதாக ஊற்றினால் பிடிப்பு தேவைக்கும் கீழே இறங்கக்கூடும் என்பதால் அவசரப்படவில்லை. அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது ரெஞ்ச் அளவையும் டயர் சுற்றளவையும் சேர்த்து எடுப்பதாக உரிமையாளரோடு பேசி வைத்திருக்கிறோம்.